பதினொன்றுக்கு நான், ஐந்துக்கு அண்ணி

என் கணவர் ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "எவ்வளவு பயந்திருப்பீங்க டீச்சர்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பயந்தேன்தான். ஆனால் அந்த ஒரு மாதத்தில் பயத்தைவிட எனக்கு அதிகமாக இருந்தது வயிற்றெரிச்சல். அதை யாரும் கேட்பதில்லை, நானும் சொன்னதில்லை.

எரிச்சல் யார்மேல் என்றால் அவருடைய அக்கா மேல், அதாவது என் அண்ணி மேல். அவர்கள் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். அண்ணியின் கணவருக்குப் பல்கலைக்கழக ஆபீஸில் வேலை. நாங்கள் கடலூரில் இருக்கிறோம். நான் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். என் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டு வருவார். போகாதீர்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. போய்விட்டு வந்த அன்று ராத்திரி நான் போடும் தோசையை அவர் "பசிக்கல" என்று தள்ளிவைக்கும்போது மட்டும், தட்டைக் கொஞ்சம் சத்தமாக எடுப்பேன்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அண்ணி போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது என் வாயில் முதலில் வந்த வார்த்தை, "அப்படி என்னத்த போட்டீங்க?" என்பதுதான். இரைப்பைப் புண் ஓட்டையாகிவிட்டது, வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டதால் வந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். முதுகு வலிக்கு அந்த மாத்திரையை மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்.

நான் பஸ் பிடித்து சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் ஆபரேஷன் தொடங்கிவிட்டது. சம்மதப் படிவத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உறவுமுறை என்ற இடத்தில் 'அக்கா' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. உயிர் போகிற அவசரத்தில் பொண்டாட்டி வரட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது, எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் நர்ஸிடம் போய், "இனிமே எதுவா இருந்தாலும் நான்தான் கையெழுத்துப் போடுவேன். நான் அவர் மனைவி" என்று சொன்னேன். அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரிங்க என்றாள்.

ஒரு வாரத்தில் உள்ளே போட்ட தையல் கசிந்து, மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு வாய் வழியாக ஒன்றும் கிடையாது. கழுத்து நரம்பில் ஒரு குழாய் வைத்து, பால் மாதிரி வெள்ளையாக ஒரு பையிலிருந்து சாப்பாட்டை ரத்தத்துக்கே சொட்டுச் சொட்டாக அனுப்பினார்கள். மூச்சுக்கு மெஷின், கிருமிக்குப் பெரிய பெரிய ஆன்டிபயாடிக்.

உள்ளே போய்ப் பார்க்க ஒரு குடும்பத்துக்கு ஒரே பாஸ். காலை பதினொன்றுக்குக் கால் மணி நேரம், சாயங்காலம் ஐந்துக்குக் கால் மணி நேரம். ஒரு ஆள்தான் போகலாம். பதினொரு மணி எனக்கு என்று நான் முதல் நாளே எடுத்துக்கொண்டேன். ரவுண்ட்ஸ் முடித்து டூட்டி டாக்டர் வெளியே வந்து, பாஸில் போய் வந்த ஆளிடம் மட்டும் விவரம் சொல்வது அந்த நேரத்தில்தான். ஐந்து மணியை அண்ணிக்கு விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.

காலையில் புண்ணுக்குக் கட்டு மாற்றி, உடம்பு துடைத்து, வலிக்கு ஊசி போட்டிருப்பார்கள். பதினொரு மணிக்கு நான் கவுனை மாட்டிக்கொண்டு, கை கழுவிக்கொண்டு போனால், அவர் மயக்கத்தில் கிடப்பார். "என்னங்க, நான் வந்திருக்கேன்" என்று கால் மணி நேரமும் அந்த மூடிய இமைகளிடம் பேசிவிட்டு வருவேன். சாயங்காலத்துக்குள் ஊசி தெளிந்துவிடும். ஐந்தே காலுக்கு அண்ணி முகமெல்லாம் மலர்ந்து வெளியே வருவார்கள்.

"கண்ணு தொறந்து பாத்தாம்மா. கைய புடிச்சான். வுடவே மாட்டேங்கறான்."

அடுத்த நாள், "என்ன பாத்து அழுதான்." அதற்கடுத்த நாள், "உன்னப் பத்திக் கூட கேட்டாப்ல இருந்துச்சு, வாயில கொழாய் இருக்குதா, ஒண்ணும் புரியல." அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்காகச் சேர்த்தார்கள் என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.

நேரத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மாற்றினால் டாக்டர் பேசுவது அண்ணியிடம் போய்விடும். கணவர் முழித்திருக்கும் நேரம் வேண்டுமா, டாக்டர் பேசும் நேரம் வேண்டுமா என்று தினமும் யோசித்தேன். தினமும் டாக்டரைத்தான் எடுத்தேன். அண்ணி பத்தாவது ஃபெயில். டாக்டர் சொல்வதில் பாதி அவர்களுக்குப் புரியாது. குடும்பத்தில் அது எனக்கு மட்டும்தான் புரியும் என்பது அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே சொத்து. ராத்திரி தங்குவது அண்ணி வீட்டில், சாப்பிடுவது அண்ணி கையால், குளித்துவிட்டுத் துவட்டுவது அண்ணியின் துண்டால். என்னுடையது என்று வேறென்ன இருந்தது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து சில நாளில் காய்ச்சல் வந்தது. எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்க ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்று டூட்டி டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். என் மாணவி என்று சொல்லும் வயதுதான் அந்த டாக்டருக்கு.

"டீச்சர், ரத்தத்துல ஈஸ்ட் வளர்ந்திருக்கு."

ஈஸ்ட். வருஷாவருஷம் கரும்பலகையில் நான் வரையும் படம். ஒரு வட்டம், அதன் தோளில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் 'மொட்டு விடுதல்' என்று எழுதி ஒரு அம்புக்குறி. ரொட்டியை உப்ப வைக்கும், மாவைப் புளிக்க வைக்கும், பயனுள்ள நுண்ணுயிரி என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது மனுஷன் ரத்தத்தில் மொட்டு விடும் என்று சொல்லிக்கொடுத்ததில்லை.

ரொட்டி ஈஸ்ட்டின் தூரத்துச் சொந்தம்தான் இது, எல்லோருடைய வாயிலும் குடலிலும் சும்மா இருப்பதுதான் என்றார் டாக்டர். ஆன்டிபயாடிக் மற்ற கிருமிகளை எல்லாம் அழித்துவிட்டதால் இதற்கு இடம் கிடைத்துவிட்டது. வயிற்றுக்குள் கசிந்த தையல் வழியாகவோ கழுத்துக் குழாய் வழியாகவோ ரத்தத்துக்குள் போய்விட்டது. குழாயை எடுத்துவிட்டு வேறு இடத்தில் வைப்பார்கள். ஃபங்கஸுக்கென்று தனி மருந்து தினமும் ஏற்றுவார்கள். ஆபத்தானதுதான், ஆனால் கண்டுபிடித்துவிட்டோம். நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "இது ரத்தத்துல போயி கண்ணுக்குள்ள உக்காந்துக்கும். கண் டாக்டர் இன்னிக்குப் பாத்துட்டாரு, சுத்தமா இருக்கு. அடுத்த வாரம் மறுபடி பாப்பாரு. நடுவுல வாய்க் குழாய எடுத்ததும் அவரு கண்ணு மங்கலா தெரியுது, ஏதோ மிதக்குதுன்னு சொன்னாருன்னா, எந்த நேரமா இருந்தாலும் வந்து சொல்லிடணும். எங்ககிட்ட சொல்றாரோ இல்லயோ, உங்ககிட்டதான் டீச்சர் சொல்வாரு."

உங்களிடம்தான் சொல்வார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்று எப்படிச் சொல்வேன். புருஷன் ரத்தத்தில் பூஞ்சை ஓடுகிறது என்று கேட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

வெளியே அண்ணி காத்திருந்தார்கள். "இன்னாம்மா சொன்னாங்க?"

"ஏதோ கிருமியாம். மருந்து மாத்தறாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஈஸ்ட்டைச் சொல்லவில்லை, குழாயைச் சொல்லவில்லை, கண்ணைச் சொல்லவில்லை. ஐந்து மணியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இதை நான் வைத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ இருக்கறதால ஆச்சு. எனக்கெல்லாம் அவுங்கள கண்டாலே நாக்கு ஒட்டிக்கும்" என்றார்கள்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. மூச்சு மெஷினை எடுத்துவிட்டார்கள். குரல் மட்டும் காற்று மாதிரி வந்தது. அதையும் நான் கேட்கவில்லை, அண்ணிதான் கேட்டார்கள். நான் போகும்போது அவர் எப்போதும்போல் தூங்கிக்கொண்டிருந்தார்.

மெஷின் எடுத்து இரண்டாம் நாள் சாயங்காலம், அண்ணி வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள்.

"இடது கண்ணுல பொகை மூட்டமா இருக்குதாம்மா. என் மூஞ்சியே பாதிதான் தெரியுதுங்கறான். டாக்டரு வந்தா சொல்லிடு."

இந்த இடத்தில் நான் பொய் சொல்லக் கூடாது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. டாக்டர் எந்த நேரமானாலும் வந்து சொல்லுங்கள் என்று சொன்ன அதே விஷயம். டூட்டி டாக்டரின் மேஜை இருபதடி தூரத்தில் இருந்தது. ஆனால் முதலில் எனக்குள் எழுந்தது பயமில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான். நான் காலையில் பதினைந்து நிமிஷம் பக்கத்தில் நின்றேன். என்னிடம் சொல்வார் என்று டாக்டரே சொன்னார். போயும் போயும் இவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

"கண்ணாடி போடாம இருக்காரில்ல அண்ணி, அதனாலதான்" என்றேன்.

"அப்படியா" என்று அண்ணி நிம்மதியானார்கள். "நீ சொன்னா சரிதான். கண்ணாடி நம்ம வூட்லதான் கெடக்கு, எடுத்துத் தர்றேன்."

கண்ணாடி இல்லாவிட்டால் இரண்டு கண்ணும்தான் மங்கும். இடது கண் மட்டும் எப்படி மங்கும் என்று என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள். அறிவியல் டீச்சருக்கு அது தோன்றாமல் இல்லை. அக்காவைப் பார்த்தால் அவர் சின்னப் பிள்ளையாகி எல்லாவற்றையும் பெரிதாகச் சொல்வார், அண்ணி அதை இன்னும் பெரிதாக்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். அதுவும் முழு கிளாஸ்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கண்ணாடியை எடுத்துப்போய் அவர் முகத்தில் மாட்டிவிட்டேன். "நல்லா தெரியுதா?" என்று கேட்டேன். எனக்குள் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை, மங்கலாக இருக்கிறது என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், ஓடிப்போய் டாக்டரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே தலையை அசைத்துவிட்டுத் தூக்கத்துக்குப் போனார்.

வெளியே வந்ததும் டாக்டர் கேட்டார். "கண்ணு பத்தி ஏதாவது சொன்னாரா டீச்சர்?"

"இல்லீங்க டாக்டர். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

அது உண்மைதானே. என்னிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி விடவில்லை. "கண்ணாடி போட்டும் அப்படியேதான் இருக்குதாம்மா. டாக்டரு இன்னாதான் சொன்னாரு?"

"பாத்துக்கலாம்னாங்க" என்றேன். நேற்று மழுப்பினேன். இது பச்சைப் பொய்.

அதற்கு மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் அவருடைய இடது பக்கமாக நின்று வாய் கொப்பளிக்கத் தண்ணீர் டம்ளரை நீட்டியிருக்கிறாள். அவர் காற்றில் துழாவியிருக்கிறார். அந்தப் பெண் அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடினாள். கண் டாக்டரை வரவழைத்தார்கள். அவர் மருந்து விட்டு, லைட் அடித்துப் பார்த்துவிட்டு, விழிக்குள்ளே வெள்ளையாகப் பஞ்சு உருண்டைகள் மாதிரி இருக்கிறது, ஈஸ்ட் உட்கார்ந்துவிட்டது என்றார்.

அன்று அண்ணியையும் என்னையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார்கள். விழிக்குள்ளேயே ஊசி போட வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன் என்றார்கள். பிறகு டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "எப்பலேருந்து இப்படி இருக்குன்னு ஏதாவது சொன்னாரா? யார்கிட்டயாவது?"

"இல்லீங்க" என்றேன். "எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

எங்ககிட்ட என்று பன்மையில் சொன்னேன். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார்கள். பத்தாவது ஃபெயிலானவர்களுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே முடிந்தேன். அண்ணி பார்வையைக் கீழே இறக்கித் தரையை வெறித்தார்கள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

ரத்தம் சுத்தமாகிவிட்டது. வயிறு ஆறியது. ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்தார். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்தும் இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சின. பாண்டிச்சேரி டாக்டரிடம் நான் ஒரு தடவை தனியாகக் கேட்டேன். "இன்னும் ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா கொஞ்சம் மிச்சம் பண்ணியிருக்கலாம்மா. பண்ண முடியாமயும் போயிருக்கலாம்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கடையை மறுபடி திறந்தார். காயிலுக்கான செப்புக் கம்பி தலைமுடி கனத்தில் இருக்கும், அதை ஒற்றைக் கண்ணால் கோத்துச் சுற்றுவதற்கு முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொள்வார். கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் அதைப் பார்க்காமல் டிபன் கேரியரை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அண்ணி எப்போது சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீங்களே டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே, இருபதடிதானே, வாயில்லையா என்று கேட்பதற்கு. அண்ணி வரவில்லை. போனில் வழக்கம்போல், "சாப்டானா? நீ சாப்டியாம்மா?" என்றுதான் கேட்டார்கள். அவர்கள் திட்டாதது எனக்குத் திட்டுவதைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது.

போன மாதம் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போனோம். பிழைத்து வந்தால் தம்பிக்கு மொட்டை போடுவதாக அண்ணி வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வேண்டுதல் இருப்பதே எனக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரியும். எனக்கு எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லையே என்று பஸ்ஸில் போகும்போதே ஒரு புகைச்சல். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பெருமாளைச் சேவித்துவிட்டு, மலைமேல் இருக்கிற சன்னதிக்குப் படி ஏறினோம். அன்று நல்ல முகூர்த்த நாள், படியெல்லாம் கல்யாணக் கூட்டம். பாதிப் படியில் அவர் இடது பக்கமாகக் கால் தவறி, கைப்பிடியைப் பிடித்து நின்றார். மூன்று பேரும் ஓரமாக உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியவர், அக்காவைப் பார்த்துக் கேட்டார். "ஏங்க்கா, ஆஸ்பத்திரில இருக்கும்போது கண்ணு பொகையா இருக்குன்னு உங்கிட்ட சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். கனவா நெஜமான்னு தெரியல."

என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் திருகுகிறேன் என்று தெரியாமல்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "சொன்னடா" என்றார்கள். "நான்தான் யார்கிட்டயும் சொல்லாம வுட்டுட்டேன். கண்ணாடி போடாம இருக்கானே, அதான்னு நெனச்சேன். அப்பறம் மறந்தும் போச்சு. எம்மேலதான் தப்பு."

நான் சொன்ன அதே கண்ணாடிக் காரணம்.

அவர் கீழே போகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "வுடுக்கா. உனக்கு இன்னா தெரியும் பாவம். உசுரோட கொண்டாந்து சேத்தீங்களே, அது போதாதா." அண்ணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி அழுதார்கள்.

தப்பித்தேன் என்றுதான் எனக்கு முதலில் இருந்தது. அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அந்த மன்னிப்பு எனக்கு வரவேண்டியது. என் தப்புக்கு உரியது. அந்தக் கை என் கையைப் பிடித்திருக்க வேண்டும். அதையும் அண்ணியே வாங்கிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வருகிறது. அக்கா மறக்கவில்லை, என்னிடம் இரண்டு தடவை சொன்னார்கள், மறைத்தது நான்தான் என்று. அவர் கோபித்துக்கொள்வார், அதைத் தாங்கிக்கொள்வேன். ஒருவேளை மன்னித்தும் விடுவார். ஆனால் அதைக் கேட்டதும் அவர் மனசில் முதலில் வரப்போவது என் தப்பு இல்லை. நமக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே நம் அக்கா என்பதுதான் வரும். அது எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இன்னும் சொல்லாமல் இருக்கிறேன்.